காயங்களைத் தடுக்க முடியுமா? கேள்வி பதில்

(அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் காயம் மற்றும் வன்முறைத் தடுப்பு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிவிட்டு, இப்போது தக்கலையில் வசிக்கும் நம் உறுப்பினர் பதில் அளிக்கிறார்.)

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: காயத்துக்கு மருத்துவமனை இருக்கிறது. வன்முறைக்குக் காவல் நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன வேலை?

மருத்துவமனை அடிபட்டவரைப் பார்க்கிறது. காவல் நிலையம் அடித்தவரைத் தேடுகிறது. அடுத்த மாதம் அதே இடத்தில் அதே விதமாக அடிபடப்போகிறவரைப் பற்றி யோசிப்பதுதான் இந்த மையங்களின் வேலை.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹார்பர்வியூ மையம் 1985இல் தொடங்கியது. சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களையும், விழுந்தும் தலை தப்பியவர்களையும் அங்கே ஒப்பிட்டார்கள். தலைக்கவசம் தலைக்காய ஆபத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்று 1989இல் வெளியிட்டார்கள். கட்டுரையோடு நிற்கவில்லை, பெற்றோர் வாங்கக்கூடிய விலையில் கவசம் கிடைக்க வழி செய்தார்கள். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே அந்த இரண்டாவது பாதி.

வில்லியம் ஹேடன் என்ற மருத்துவர் ஒரு கட்டம் போட்டுத் தந்தார். விபத்துக்கு முன், நடக்கும்போது, நடந்த பின் என்று மூன்று நிலை. ஆள், வாகனம், சுற்றுப்புறம் என்று மூன்று காரணம். ஆக ஒன்பது கட்டங்கள். நாம் "ஓட்டியவர் குடித்திருந்தார்" என்ற ஒரே கட்டத்தை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். மீதி எட்டும் காலியாகவே கிடக்கின்றன.

வன்முறைக்கும் இதே வழிதான். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் முக அறுவை மருத்துவர் ஜோனத்தன் ஷெப்பர்ட், தாக்கப்பட்டு வருகிறவர்களில் பலர் காவல்துறைக்குத் தெரியாதவர்கள் என்று கண்டார். எங்கே, எப்போது, எதனால் அடித்தார்கள் என்று அவசரப் பிரிவில் கேட்டு, பெயர்களை நீக்கிவிட்டு, காவல்துறைக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்கள். ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டபோது, தாக்குதலால் மருத்துவமனையில் சேர்பவர்கள் 42 சதவீதம் குறைந்ததாக 2011இல் ஆய்வு வெளிவந்தது.

அதே மாணவி: இங்கே எங்கே படிக்கலாம்?

டெல்லி ஐஐடியின் போக்குவரத்து ஆய்வு மற்றும் காயத் தடுப்பு மையம், பெங்களூருவில் நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தின் பொதுச் சுகாதார மையம், சாலைப் பாதுகாப்புக்கு சென்னை ஐஐடி. எங்கே போனாலும் புள்ளியியலை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

தனியார் நிறுவன ஊழியர், மார்த்தாண்டம்: ஹெல்மெட் போட்டால் கழுத்து எலும்பு முறியும் என்கிறார்களே?

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இருசக்கர வாகனக்காரர்களுக்கு அது மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. கழுத்துக்குக் கெடுதல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. தாடைப் பட்டையை மாட்டுங்கள். மாட்டாத கவசம் நீங்கள் தரையில் விழுவதற்கு முன்பே கழன்று போய்விடும்.

தென்னை ஏறுபவர், இரணியல்: சாலையைப் பற்றியே பேசுகிறீர்கள். மரத்திலிருந்து விழுகிறவனுக்கு உங்கள் ஆராய்ச்சியில் இடம் இருக்கிறதா?

இந்தத் துறையே விழுந்தவர்களிடமிருந்துதான் தொடங்கியது என்று சொல்லலாம். ஹியூ டிஹேவன் என்பவர் 1917இல் விமானப் பயிற்சியின்போது மோதலில் சிக்கிப் பிழைத்தவர். 50 அடி முதல் 150 அடி வரையிலான உயரத்திலிருந்து விழுந்தும் உயிரோடிருந்தவர்களைத் தேடி ஆராய்ந்து 1942இல் எழுதினார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் மோதல் காய ஆய்வைத் தொடங்கினார். விழுந்த இடம் சற்றே அமுங்கிக் கொடுத்தால், உடல் நிற்பதற்குச் சில அங்குலம் கூடுதலாகக் கிடைத்தால், மனிதன் பிழைக்கலாம் என்பது அவர் கண்டது. 50 அடி மரத்திலிருந்து விழுபவர் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடுகிறார். அங்கே இருப்பது உழுத மண்ணா, கருங்கல்லா என்பதில் ஓர் உயிர் இருக்கிறது. மரத்தடியில் கற்களையும் உடைந்த ஓடுகளையும் குவித்து வைக்காதீர்கள். பாதுகாப்புப் பெல்ட் கட்டுங்கள்.

அதே தென்னை ஏறுபவர்: எனக்கு மரத்துக்குத்தான் கூலி. பெல்ட்டை மாற்றி மாற்றிக் கட்டினால் பாதி மரம்கூட முடியாது. அந்தக் கூலியை யார் தருவார்கள்?

நியாயமான கேள்வி. மரக்கணக்கில் கூலி என்பது அவசரத்துக்குத் தரும் பரிசு. உங்களைக் கவனமாக இருக்கச் சொல்வதைவிட, கூலி முறையை மாற்றச் சொல்வதே சரி. அதை விளையின், அதாவது தோப்பின், உரிமையாளரிடம்தான் சொல்ல வேண்டும்.

விளை உரிமையாளர், ராஜாக்கமங்கலம்: தேங்காய் விற்றுக் கையில் நிற்பது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? ஏற இயந்திரம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தட்டும்.

உங்கள் வருமானம் குறைவு என்பதை நம்புகிறேன். ஆனால் அந்தக் குறைவை ஈடுகட்ட இன்னொருவருடைய முதுகெலும்பைப் பணயம் வைக்க முடியாது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியில் ஏறும் கருவி கொடுத்தார்கள். வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' காப்பீடும் உண்டு. உங்கள் மரத்தில் ஏறுபவருக்குக் காப்பீட்டுப் பங்கை நீங்களே கட்டுங்கள். அது முதல் படி.

அதே தென்னை ஏறுபவர்: இயந்திரம் வளைந்த மரத்துக்கு ஆகாது. கொண்டைக்குள் போய்ச் சுத்தம் செய்யவும் முடியாது. ஏறாதவர்கள்தான் அதைப் புகழ்கிறார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஒரே கருவியை எல்லா மரத்துக்கும் திணிக்கக் கூடாது என்கிறேன். ஏறும்போது இரண்டு கையும் மரத்தைப் பிடித்திருக்கின்றன. கொண்டையில் ஒரு கை அரிவாளுக்குப் போய்விடுகிறது. ஏறும் வழி முழுவதும் பெல்ட் முடியாவிட்டாலும், மேலே போனதும் தண்டைச் சுற்றி இடுப்போடு ஒரு கயிறு. அதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? மழை நனைத்த, பாசி பிடித்த மரத்தில் அன்று ஏற மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் வேண்டும். தனியாக ஏறவே கூடாது. விழுந்தால் 108ஐ அழைக்கக் கீழே ஒருவர் நிற்க வேண்டும்.

ஆசிரியர், திங்கள்சந்தை: இதெல்லாம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. காலில் தளைநார் வளையம் மாட்டி ஏறிய நம் முன்னோர் விழவில்லையா?

விழுந்தார்கள். யாரும் எண்ணவில்லை. உரிமையாளர் மறுபடி நடும்போது குட்டை ரகத்தைத் தேர்ந்தெடுத்தால், பல ஆண்டுகளுக்குத் தரையில் நின்றே தொரட்டியால் பறிக்கலாம். ஆபத்தையே எடுத்துவிடுவதுதான் முதல் வழி, ஆளைத் திருத்துவது கடைசி வழி. ஹேடன் சொன்னதும் இதையே.

ஓய்வுபெற்ற அலுவலர், குழித்துறை: ஹெல்மெட் போட்டால் பின்னால் வரும் ஹாரன் கேட்காதாமே?

கேட்கும். பட்டையை மாட்டுங்கள்.

மளிகைக் கடைக்காரர், களியக்காவிளை: எங்கள் ஊர் வளைவில் அடிக்கடி விபத்து. அங்கே குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) வைத்தும் பார்த்தோம். ஏதோ தோஷம் என்கிறார்கள்.

குருசடி இருக்கட்டும், வணங்குவது உங்கள் உரிமை. கூடவே ஒரு நோட்டும் வையுங்கள். தேதி, நேரம், மழையா, எந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டி, விளக்கு எரிந்ததா. சில மாதங்களில் அந்த வளைவின் குணம் அந்தப் பக்கங்களில் தெரியும். அதை எடுத்துக்கொண்டு சாலைத் துறையிடமும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கும் போங்கள்.

தாய், திருவட்டாறு: வீட்டின் பின்புறம் குளம். மூன்று வயது மகன். எந்நேரமும் கண் வைக்க முடியவில்லை.

எந்நேரமும் யாராலும் முடியாது. வங்கதேசத்தின் காயத் தடுப்பு ஆய்வு மையம் கண்டது இது: அம்மா சமையலிலும் வேலையிலும் இருக்கும் காலை நேரத்தில்தான் சிறு பிள்ளைகள் அதிகம் மூழ்குகிறார்கள். அந்த நேரத்துக்குக் கிராமத்திலேயே ஒரு பெண் பொறுப்பில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்தபோது, மூழ்கும் ஆபத்து 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. காலையில் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். பின்வாசலில் அவன் திறக்க முடியாத ஒரு படல் போடுங்கள், இந்த வாரமே.

பெயர் வேண்டாம், கருங்கல்: பக்கத்து வீட்டில் கணவர் அடிப்பது கேட்கிறது. ஒருமுறை கழுத்தை நெரித்ததாக அவள் சொன்னாள். குடும்ப விஷயம், தலையிடலாமா?

தலையிடுங்கள். கழுத்தை நெரித்தது ஒரு முறைதான் என்று யாரும் கடந்து போகக் கூடாது. அப்படிச் செய்த கணவரிடம் பின்னாளில் உயிரை இழக்கும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் கேம்பெல் ஆய்ந்து காட்டியிருக்கிறார். அந்தக் கணவரிடம் நேரே மோதாதீர்கள். அவள் தனியாக இருக்கும்போது பெண்கள் உதவி எண் 181ஐச் சொல்லுங்கள். ஒருங்கிணைந்த சேவை மையமும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரும் இருக்கிறார்கள். அடி விழும் சத்தம் கேட்கும் நேரத்தில் 100ஐ அழையுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், தக்கலை: அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோமா?

மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயர் சொல்லக்கூட கட்டாயமில்லை. ஆனால் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் பின்சீட்டில் மடக்கிப் போடாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் 108 வரட்டும்.

வியாபாரி, குலசேகரம்: இழப்பீட்டு வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது.

என் துறை இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

மாணவர், தோவாளை: பக்கத்துத் தெருவுக்குப் போகவும் ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

அதே தென்னை ஏறுபவர்: கொண்டையில் கயிறு என்றீர்களே, எங்கே கட்டுவது? மட்டையில் கட்டினால் மட்டையோடு வந்துவிடும்.

மட்டையில் வேண்டவே வேண்டாம். மட்டைகளுக்குக் கீழே தண்டைச் சுற்றித்தான். உங்கள் ஏறும் முறைக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை எழுதிச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை இரணியலுக்கு வருகிறேன். நீங்கள் ஏறிக் காட்டுங்கள். விளை உரிமையாளரையும் அழைத்து வாருங்கள்.