சிகாகோவின் 13ஆம் செனட் தொகுதி: கேட்டவையும் பதில்களும்

இல்லினாய் மாநில செனட்டின் 13ஆம் தொகுதி பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே ஒரு எச்சரிக்கை: 13 என்பது எண் மட்டுமே. பத்தாண்டுக்கு ஒருமுறை அதன் கீழே இருக்கும் நிலம் மாறிவிடும். 1996 வாக்குகளை இன்றைய வரைபடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஒபாமா இங்கே ஜெயித்துத்தானே வாஷிங்டன் போனார்?

இல்லை. இது மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடும் மாநில செனட். மொத்தம் 59 தொகுதிகள். வாஷிங்டன் செனட்டுக்கு 2004இல் மாநிலம் முழுவதும் சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தது. அது வேறு தேர்தல்.

கேள்வி: அவருக்கு முன்னால் யார் இருந்தார்கள், சார்?

ரிச்சர்ட் நியூஹவுஸ், 1967 முதல் 1991 வரை. 1975இல் சிகாகோ மேயர் டேலியை எதிர்த்துப் பிரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) நின்றவர். அவர் விலகியதும் ஆலிஸ் பால்மர் நியமிக்கப்பட்டார்.

கேள்வி (ஒரு மாணவி): பால்மரின் வேட்புமனுவை ஒபாமா தள்ளுபடி செய்ய வைத்தாராமே, உண்மையா?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1995இல் பால்மர் காங்கிரஸுக்கு, அதாவது வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் கீழவைக்கு, போக முடிவெடுத்தார். தன் இடத்துக்கு ஒபாமாவை அவரே முன்மொழிந்தார். செப்டம்பரில் தொகுதிக்குள் இருக்கும் ஹைட் பார்க் பகுதி ஓட்டல் ஒன்றில் நடந்த அறிவிப்புக் கூட்டத்தில் அறிமுகப்படுத்திப் பேசியவரும் அவர்தான். நவம்பர் 28 அன்று நடந்த காங்கிரஸ் இடைத்தேர்தல் பிரைமரியில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் ஜெயித்தார். பால்மருக்கு மூன்றாம் இடம். உடனே ஆதரவாளர்கள், 'பழைய இடத்துக்கே திரும்பி வாருங்கள்' என்றார்கள். ஒபாமாவை விலகச் சொல்லிப் பார்த்தார்கள்; அவர் மறுத்துவிட்டார்.

பிரைமரியில் நிற்க, வேட்புமனுவில் 757 வாக்காளர் கையெழுத்து வேண்டும். பால்மர் தரப்பு அவசர அவசரமாக 1,580 சேர்த்தது. 1996 புத்தாண்டுக்கு மறுநாள் ஒபாமாவின் ஆட்கள் சிகாகோ தேர்தல் வாரிய அலுவலகத்தில் ஆட்சேபணையோடு வந்து நின்றார்கள். தாள் தாளாக, வரி வரியாக வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். தொகுதியில் பதிவில்லாதவர், முகவரி மாறியவர், கையெழுத்துக்குப் பதில் அச்செழுத்தில் பெயர் எழுதியவர் எல்லாம் அடிபட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் பட்டியலிலிருந்தே ஆயிரக்கணக்கான பெயர்களை வாரியம் நீக்கியிருந்தது. பால்மர் மட்டுமல்ல, எதிர்த்து மனு போட்ட நால்வருமே காலி. மார்ச் பிரைமரியில் ஒபாமா தனியாகவே நின்றார்.

கேள்வி (ஒரு வழக்கறிஞர்): சட்டப்படி சரிதானே? இதை ஏதோ சூழ்ச்சி போலச் சொல்கிறீர்களே.

சூழ்ச்சி என்று நான் எங்கே சொன்னேன்? சட்டப்படி சரி. சிகாகோவில் இது அன்றாடத் தொழில். இதற்கென்றே வழக்கறிஞர்கள் உண்டு. நான் சொல்வது வேறு: ஜனநாயகக் கட்சியின் கோட்டையான இந்தத் தொகுதியில் போட்டி என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கட்சியின் பிரைமரிதான். அதை அலுவலக மேசையிலேயே முடித்துவிட்டால் வாக்காளருக்கு என்ன மிச்சம்? அந்த நவம்பர் பொதுத்தேர்தலில் ஒபாமா வாங்கியது 82 சதவீதம், 1998இல் 89, 2002இல் எதிர்ப்பாளரே இல்லை.

கேள்வி (அதே வழக்கறிஞர்): மூன்று வாரத்தில் ஒழுங்காக 757 கையெழுத்து வாங்கத் தெரியாதவர் செனட்டராக இருந்து என்ன பயன்?

வாதம் கூர்மைதான். ஆனால் அச்செழுத்தில் பெயர் எழுதிய பாட்டி உண்மையான வாக்காளர் இல்லையா? விதி போலிக் கையெழுத்தைத் தடுக்க வந்தது. அசலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறது. வாக்காளர் பதிவு இயக்கம் நடத்திப் பெயர் எடுத்தவர் ஒபாமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பால்மர் இதை மறந்ததாகத் தெரியவில்லை. 2008 அதிபர் வேட்பாளர் போட்டியில் ஒபாமாவை விட்டு ஹிலாரி கிளின்டனை ஆதரித்தார். இதற்கு மேல் நீங்களும் நானும் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒபாமா இந்தத் தொகுதியிலிருந்து எப்படி அமெரிக்க செனட்டர் ஆனார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வரைபடத்தை யார் வரைகிறார்கள்?

சட்டமன்றம். அங்கே முடியாவிட்டால் இரு கட்சிக்கும் சமபங்குள்ள எட்டுப் பேர் குழு. அதுவும் இழுபறியானால், கட்சிக்கு ஒருவராக இரண்டு பெயரை எழுதிப் போட்டுக் குலுக்கல்! ஒன்பதாவது ஆள் எந்தக் கட்சியோ, வரைபடம் அந்தக் கட்சிக்கு. சீட்டு 1981இல் ஜனநாயகக் கட்சிக்கும், 1991இல் குடியரசுக் கட்சிக்கும், 2001இல் மறுபடி ஜனநாயகக் கட்சிக்கும் விழுந்தது. அந்தக் கடைசிச் சீட்டுக்குப் பிறகு 13ஆம் தொகுதி ஏரிக்கரையோடு வடக்கே நீண்டு, கோல்ட் கோஸ்ட் பணக்காரர்கள் வரை தொட்டது. 2002இல் செனட்டும் கைமாறியது. அதுவரை எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்திருந்த ஒபாமாவின் மசோதாக்கள் 2003இல்தான் வரிசையாக நிறைவேறின. திறமைக்கு உரியது திறமைக்கு. ஆனால் சீட்டுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

கேள்வி: 1980இன் 13ஆம் தொகுதியையும் 2010இன் 13ஆம் தொகுதியையும் ஒப்பிட்டால்?

ஒப்பிடாதீர்கள். எண் ஒன்றுதான், நிலம் வேறு.

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை வாங்க எவ்வளவு நாள் ஆகும், அண்ணா?

குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், தம்பி.

கேள்வி: ஒபாமாவுக்குப் பிறகு இடைத்தேர்தல் நடந்ததா?

இல்லை. இல்லினாயில் காலி இடத்தை 30 நாளுக்குள் அதே கட்சியின் கமிட்டிக்காரர்கள் (பகுதி வாரியான கட்சிப் பொறுப்பாளர்கள்) நிரப்புவார்கள். இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: விலகியவர் கடைசித் தேர்தலில் அந்தக் கமிட்டிக்காரரின் பகுதியில் எத்தனை வாக்கு வாங்கினாரோ, அத்தனை வாக்குப் பலம் அந்தக் கமிட்டிக்காரர் கைக்கு. ஆக 2004இல் குவாமே ரவூலைத் தேர்ந்தெடுத்த எடை, 2002இல் ஒபாமாவுக்கு விழுந்த வாக்குகளின் எடை. ரவூல் 2018இல் மாநில அட்டர்னி ஜெனரல் தேர்தலில் ஜெயித்துக் கிளம்பினார். 2019 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்ஸ், அதுவும் நியமனம். பால்மர், ரவூல், பீட்டர்ஸ் மூவருமே முதலில் அறைக்குள் தேர்வாகி, அப்புறம்தான் மக்களிடம் வந்தவர்கள். வழக்கறிஞர் நண்பரே, இதுவும் சட்டப்படி சரிதான்.