படகுக்கு ஏற்ற ட்ரெய்லர்: வாசகர் கேள்வி, பட்டறைப் பதில்

ஸ்னாப்பர் மீன் சீசன் நெருங்குகிறது. மெல்பர்ன் பக்கத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் படகு ட்ரெய்லரைப் பற்றியவைதான். டாண்டினாங்கில் ட்ரெய்லர் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இதில் நிறையச் சொல்ல இருக்கிறது. மூன்று கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, ஐந்து மீட்டர் அலுமினியப் படகு ஒன்றை ட்ரெய்லர் இல்லாமல் வாங்கியிருக்கிறேன். 90 குதிரைத்திறன் மோட்டார். படகின் எடை 450 கிலோ என்று விற்றவர் சொன்னார். 4.3 மீட்டர் படகு ஏற்றிக்கொண்டிருந்த பழைய ட்ரெய்லர் ஒன்று மலிவாக வருகிறது. அதன் தகட்டில் ஏ.டி.எம். (மொத்த எடை வரம்பு) 749 கிலோ என்று போட்டிருக்கிறது. நண்பர் ஒருவர் நன்றாக வெல்டிங் செய்வார். காரோடு இணைக்கும் முன்பக்கச் சட்டமான டிராபாரை நீட்டிக்கொண்டால் போதாதா? (வாசகர், கீஸ்பரோ)

பதில்: வேண்டாம் தம்பி. அந்த ட்ரெய்லரை விட்டுவிடுங்கள்.

450 கிலோ என்பது வெறும் படகின் எடை. மோட்டார் ஏறக்குறைய 165 கிலோ. 90 லிட்டர் பெட்ரோல் ஊற்றினால் 67 கிலோ. இரண்டு பேட்டரி 45, நங்கூரமும் சங்கிலியும் கயிறும் 20, ஐஸ் பெட்டி, தூண்டில்கள், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 60 வையுங்கள். ட்ரெய்லரின் சொந்த எடை 320. கூட்டிப் பார்த்தால் 1,127 கிலோ வருகிறது. ஏ.டி.எம். என்பது ட்ரெய்லரும் அதன்மேல் இருக்கிற எல்லாமும் சேர்ந்த மொத்த எடையின் உச்சவரம்பு. உங்கள் கையில் வரப்போவதோ 749.

749 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. ஆஸ்திரேலிய விதிப்படி, காரில் மாட்டிய நிலையில் சக்கரங்களில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். பிரேக் செலவைத் தவிர்க்க அந்த வரம்புக்குள் கட்டியது அது. டிராபாரை எவ்வளவு நீட்டினாலும் ஆக்சிலும் ஸ்பிரிங்கும் டயரும் அதே எடைக்கானவைதான். நீட்டிய கம்பி இன்னும் சுலபமாக வளையும். கால்வனைஸ் செய்த இரும்பில் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை நண்பருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். வைத்த இடத்தில் பூச்சும் எரிந்துபோகும். உப்புத்தண்ணீரில் முதலில் துரு பிடிப்பது அங்கேதான்.

1,400 கிலோ ஏ.டி.எம். உள்ள, பிரேக் வைத்த ட்ரெய்லராகப் பாருங்கள். அளவு கொடுத்துச் செய்வதானால் படகையே பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்வேன். தாளில் எழுதிய நீளத்தை வைத்து ரோலர் பொருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடிப்பாகத்தில் நடு ஏரா (படகின் முதுகெலும்புபோல அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை) எங்கே முடிகிறது, உள்ளே விலாச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அலுமினியப் படகின் எடையில் பெரும்பங்கை ஏராவின் கீழுள்ள ரோலர்கள் தாங்கட்டும். பக்கத்துச் சறுக்குக்கட்டைகள் படகு சாயாமல் பிடிக்க. அவையும் விலாச் சட்டத்துக்கு நேர்கீழே வர வேண்டும், வெறும் தகட்டின்மேல் அழுந்தக் கூடாது.

நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, மோட்டார் தொங்கும் பின்பலகைக்கு நேர்கீழே தாங்கல். கடைசி ரோலர் ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டால்கூட, ரோட்டின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அந்த 165 கிலோ துள்ளித் துள்ளி அடித்தகட்டை மெல்ல வளைத்துவிடும். பிறகு தண்ணீரில் வேகமெடுத்தால் படகின் முன்பக்கமான அணியம் கீழே அமுங்கும். மோட்டாரைப் பழுது பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் வருகிறார்கள். படகைத் தூக்கி, அடியில் நேரான கம்பி ஒன்றை வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும்.

விஞ்ச் பட்டை படகை மேலே இழுப்பதற்கு மட்டுந்தான். ரோட்டில் அதையே நம்பக் கூடாது. அணியத்தில் தனியாக ஒரு சங்கிலி, பின்னால் இரண்டு மூலைகளிலும் பட்டை போட்டு இறுக்குங்கள். காருக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் 2,500 கிலோ வரை ஒரு பாதுகாப்புச் சங்கிலி போதும் என்கிறது விதி. நான் இரண்டு போட்டு, குறுக்காக மாட்டித்தான் அனுப்புவேன். காரோடு மாட்டும் கப்ளிங் கழன்றாலும் டிராபார் ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில்போல ஏந்திக்கொள்ளும். சங்கிலியை மாட்டும் ஷேக்கிள் எடைக்குறி பதித்ததாக இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் காரின் இழுவை வரம்பு, டோ பாரின் (காரின் பின்னால் உள்ள இழுவைச் சட்டம்) வரம்பு, டோ பாலின் (கப்ளிங் உட்காரும் உருண்டை) வரம்பு மூன்றையும் பாருங்கள். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

கேள்வி: லேக்ஸ் என்ட்ரன்ஸ் போகிற வழியில் 95 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் காரில் இருந்தார்கள். மெதுவாக நிறுத்திவிட்டேன், ஆனால் இன்னும் நடுக்கம் போகவில்லை. டயர் புதிது. எங்கே கோளாறு? (வாசகர், கிளேடன்)

பதில்: நிறுத்திய விதம் சரி. வாலாட்டும்போது காரின் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கவே கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகம் இறங்கும்வரை பொறுங்கள். குடும்பத்தோடு போகிறவர் எல்லோரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் சந்தேகம் டோ பால்மேல் இறங்கும் எடையில்தான். படகு ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். மீன்பிடிக்கப் போகும் நாளைப் போலவே எல்லாம் ஏற்றி, சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். குளியலறை எடைமெஷினைக் கப்ளிங்குக்கு நேர்கீழே வைத்து, ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, காரில் மாட்டும் உயரத்திலேயே கப்ளிங் அதன்மேல் உட்காரட்டும். முன்சக்கரத்தை மெஷினில் வைத்தால் கணக்குத் தப்பும்; அது ஆக்சிலுக்குக் கிட்டே இருப்பதால் எடையைக் கூட்டிக் காட்டும்.

எடைமேடையில் மொத்தம் 1,100 கிலோ வந்து, இங்கே 30 கிலோதான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 55 கிலோ வேண்டும், 80 இருந்தால் நிம்மதி. முதலில் காசில்லாத வேலை: பின்னால் கிடக்கும் ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், நங்கூரம் எல்லாவற்றையும் முன்னால் நகர்த்துங்கள், முடிந்தால் காருக்குள் ஏற்றுங்கள். அதிலும் தேறாவிட்டால் ஆக்சிலைப் பின்னால் தள்ள வேண்டும். கப்ளிங்கிலிருந்து ஆக்சில் 4 மீட்டர் தள்ளி இருக்கிறதென்றால், 30-ஐ 80 ஆக்க ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தள்ளினால் போதும். யு போல்ட்டில் பிடித்த ஆக்சில் என்றால் பட்டறைக்கு இது பெரிய வேலை இல்லை. இரண்டு பக்கமும் கப்ளிங்கிலிருந்து ஒரே அளவு வருகிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நட்டை முறுக்க வேண்டும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

படகையே முன்னால் இழுத்து வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். இழுக்கலாம்; ஆனால் பின்பலகை அதன் தாங்கலை விட்டு நகர்ந்துவிடும். மேலே கீஸ்பரோக்காரருக்குச் சொன்ன தொல்லை உங்களுக்கு வரும்.

கேள்வி: வருஷத்துக்கு ஒருமுறை வீல் பேரிங் போய்விடுகிறது. கிரீஸ் நிறைய வைக்கிறேனே? (வாசகர், ஜீலாங்)

பதில்: கிரீஸ் குறைவதால் அல்ல, தண்ணீர் ஏறுவதால். ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் ஓடிய ஹப் (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) சூடாக இருக்கும். அப்படியே படகு இறக்கும் சரிவான ராம்பில் இறக்கிக் குளிர்ந்த கடல்நீரில் முக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கிப் பின்பக்க சீல் வழியாக உப்புத்தண்ணீரை உறிஞ்சிவிடும். கழற்றிப் பார்க்கும்போது கிரீஸ் பால் நிறத்தில் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ராம்பில் வந்ததும் முதலில் பட்டைகளை அவிழ்ப்பது, சாமான் ஏற்றுவது, படகின் வடிகால் அடைப்பானை மாட்டுவது என்று மற்ற வேலைகளைப் பாருங்கள். ஹப்பில் கை வைத்துப் பிடித்திருக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். விளக்கு வயரையும் அப்போதே காரிலிருந்து கழற்றிவிடுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் ட்ரெய்லரை அலசுங்கள், பிரேக்கையும் சேர்த்து.

பேரிங் மாற்றும்போது பின் சீலையும் புதிதாகப் போடுங்கள்; கிரீஸ் கடலுக்கென்று விற்கும் தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். பேரிங் பூட்டி கிரீஸ் நிரப்பிய ஹப் ஒன்றைத் தயாராகப் பையில் கட்டிக் காரில் வைத்திருங்கள். கூடவே ஒரு ஜாக்கி, ட்ரெய்லரின் வீல் நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனர். பல கார்களின் ஸ்பேனர் அதற்குச் சேராது. கிளம்பும் முன் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.