கோல்ஃப் மைதானம் பக்கத்துல சின்ன ப்ரூவரி: போறதுக்கு முன்னாடியும் பில்லு வந்த பிறகும்

பீரை அங்கேயே காய்ச்சி விக்குற பெங்களூர் ப்ரூவரிகள் பத்தி இந்த தடவை நிறைய கேள்வி வந்திருக்கு, அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, நான் ஓசூர்ல வேலை பாக்குறேன். வர்ற சனிக்கிழமை மச்சானுக்கு பிறந்தநாள். பெங்களூர்ல ஒரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டி சின்னதா ஒரு ரெஸ்டாரன்ட் இருக்காம், பீரும் அங்கேயே காய்ச்சுறாங்களாம். அம்மா, வீட்டுக்காரி, ரெண்டு பசங்கன்னு ஆறு பேர் போறோம். ஒரு கிளாஸ் 400 ரூபாய்ங்குறாங்க, பாட்டில் பீரை விட்டுட்டு அவ்ளோ குடுக்குற அளவுக்கு அதுல என்ன இருக்கு? அப்புறம் கோல்ஃப் கிளப்னா மெம்பரா இல்லாதவங்களை உள்ள விடுவாங்களா?

பதில்: தம்பி, ரெண்டாவது கேள்வியை முதல்ல முடிச்சுடுறேன். கிளப் காம்பவுண்டுக்குள்ள இருக்குற ஹோட்டல் வேற, காம்பவுண்டுக்கு வெளிய மைதானத்தைப் பாத்த மாதிரி இருக்குற ரெஸ்டாரன்ட் வேற. 1876ல ஆரம்பிச்ச பெங்களூர் கோல்ஃப் கிளப் மாதிரி பழைய கிளப்புங்கள்ல சாப்பாட்டு கூடமெல்லாம் மெம்பருங்களுக்கும் அவங்க கூட்டிட்டு வர்றவங்களுக்கும்தான், அங்க காலர் இல்லாத டீ ஷர்ட், செருப்பு போட்டுட்டு போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. வெளிய இருக்குற இடம்னா யார் வேணா போலாம். ஒரு போன் போட்டு கேட்டுடுங்க, அதே போன்ல இன்னும் மூணு விஷயமும் கேட்டுக்கோங்க: சாயங்காலத்துக்கு மேல குழந்தைங்களுக்கு அனுமதி உண்டா, சனிக்கிழமை கவர் சார்ஜ், அதாவது உள்ள போறதுக்கே ஒரு கட்டணம், இருக்கா, டேபிளுக்கு அட்வான்ஸ் கட்டினா அது பில்லுல கழியுமா, போக முடியலைன்னா திரும்ப வருமா. இதை வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிட்டா இன்னும் நல்லது, வாயால சொன்னது அன்னைக்கு ராத்திரி யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்ப 400 ரூபாய் விஷயம். போன வருஷம் நான் இதே மாதிரி ஒரு இடத்துக்கு மத்தியானம் மூணு மணிக்கு போனேன், கூட்டமே இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பெரிய பாத்திரத்துலேர்ந்து ஊறின பார்லியை ஷவலால அள்ளி சாக்குல போட்டுட்டு இருந்தாரு, ஆவி பறக்குது, கதவைத் திறந்ததும் ஹார்லிக்ஸ் டப்பா திறந்த வாசனை அப்படியே முகத்துல அடிச்சுது. ஹார்லிக்ஸும் முளைகட்டின பார்லிதானே, அதான். அந்த சக்கையெல்லாம் மாட்டுப் பண்ணைக்குப் போகுதுன்னு சொன்னாரு. முளைகட்டின தானியத்தை சுமார் 65 டிகிரி சுடுதண்ணில ஊற வச்சா அதுல இருக்குற மாவுச்சத்து சர்க்கரையா மாறும், அந்தத் தண்ணியை வடிச்சு ஒரு மணி நேரம் போல கொதிக்க வச்சு ஹாப்ஸ்னு ஒரு கொடியோட பூவை கசப்புக்கும் வாசனைக்கும் போட்டு, ஆற வச்சு, சர்க்கரையை ஆல்கஹாலா மாத்துற ஈஸ்ட் சேத்து டேங்க்ல விடுறாங்க. ஏல்ங்குற பீர் வகைன்னா ரெண்டு மூணு வாரத்துல தயாராயிடும், லாகர்ங்குற வகைன்னா குளிர்ல இன்னும் பல வாரம் கிடக்கணும், அந்தக் காலம் முழுக்க ஒரு டேங்க் அடைஞ்சு கிடக்கும். சின்ன இடத்துல நாலஞ்சு டேங்க்தான் இருக்கும், அதனால விலை கூடத்தான் செய்யும். பாட்டில் பீர் மாசக்கணக்குல கெடாம இருக்கணும்னு பெரும்பாலும் சூடு பண்ணி அடைக்குறாங்க, இங்க அதெல்லாம் பண்ணாம டேங்க்லேர்ந்து நேரா கிளாஸுக்கு வருது. நீங்க காசு குடுக்குறது அந்த ஃப்ரெஷ்ஷுக்குத்தான். அது இல்லைன்னா 400 ரூபாய் குடுக்க வேண்டியதே இல்ல.

அதனால உக்காந்ததும் கேளுங்க, கூச்சப்படாதீங்க. எந்த டேங்க் எப்ப திறந்தது? இன்னைக்கு இங்க எது நல்லா போகுது? சாம்பிள் குடுப்பீங்களா? பெரும்பாலான இடத்துல ரெண்டு வாய் ருசி பாக்க சும்மாவே குடுப்பாங்க, இல்லைன்னா சின்ன சின்ன கிளாஸ்ல எல்லா வகையும் வச்சு ஒரு செட்டா விப்பாங்க, முதல் தடவை போறவங்களுக்கு அதுதான் சரி. நல்லா காய்ச்சுற ஆளு இந்த மாதிரி கேள்விக்கு சந்தோஷமா பதில் சொல்லுவாரு, நான் கேட்டப்ப அவரு சாக்கை அப்படியே போட்டுட்டு வந்து கால் மணி நேரம் பேசினாரு. பதில் சொல்ல எரிச்சல் படுற இடத்துல ஒரு கிளாஸோட நிறுத்திக்கோங்க.

அப்புறம் கிளாஸோட அளவு. மெனுல மில்லி போட்டிருக்கான்னு பாருங்க, சில இடத்துல வெறும் "மக்", "பைன்ட்"னு இருக்கும், பைன்ட்னு சொல்லிட்டு 330 மில்லி தர்ற இடமும் இருக்கு 500 மில்லி தர்ற இடமும் இருக்கு. 330 மில்லி 380 ரூபாய்னா 100 மில்லிக்கு 115 ரூபாய் ஆகுது, 500 மில்லி 500 ரூபாய்னா 100 ரூபாய்தான், பாக்கும்போது முதல்ல சொன்னதுதான் சீப்பா தெரியும். நுரை மேல ரெண்டு விரல் அளவு இருந்தா சரி, அது வேணும், வாசனையே அதுலதான் இருக்கு. அரை கிளாஸ் நுரைன்னா திருப்பிக் குடுத்து நிரப்பித் தரச் சொல்லுங்க.

அம்மா சைவம்னா வெஜ்ஜுக்கு தனி எண்ணெய் சட்டி இருக்கான்னு கேக்கணும், சின்ன கிச்சன்ல ஃப்ரென்ச் ஃப்ரைஸும் சிக்கனும் ஒரே எண்ணெய்ல போறது உண்டு.

இன்னொண்ணு, ஓசூருக்கு நீங்க வண்டி ஓட்டிட்டு திரும்பாதீங்க. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். ஒரு பெரிய கிளாஸே சிலருக்கு அந்த அளவைத் தொட்டுடும். கூட அம்மாவும் பசங்களும் வர்றாங்க. குடிக்காத ஒருத்தரு ஓட்டட்டும், இல்லைன்னா டிரைவர் போட்டுக்கோங்க, அந்தக் காசையும் செலவு கணக்குல இப்பவே சேத்துடுங்க.

கேள்வி: சார், நான் கோயம்புத்தூர். போன மாசம் பெங்களூர்ல அப்படி ஒரு இடத்துல சாப்பிட்டோம். சாப்பாடு 2,000, பீர் 1,600, ஆனா பில்லு 4,158. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்னு 360 போட்டிருந்தாங்க, எடுக்கச் சொன்னா "இது எங்க பாலிசி மேடம், வாசல்ல போர்டு வச்சிருக்கோம்"ங்குறாங்க. குழந்தை தூக்கத்துல அழுதுட்டு இருந்தான், கட்டிட்டு வந்துட்டேன். மனசு ஆறல.

பதில்: அம்மா, உங்க பில்லுல ஒரு தப்பு இல்ல, ரெண்டு தப்பு இருக்கு. 2,000மும் 1,600ம் சேந்தா 3,600, சர்வீஸ் சார்ஜ் 360 சேத்தா 3,960, மிச்சம் 198 ரூபாய் ஜிஎஸ்டி. அதாவது மொத்தத்துக்கும் 5 சதவீதம் போட்டுட்டாங்க. ஆனா குடிக்குற மது ஜிஎஸ்டிக்குள்ளயே வராது, அதுக்கு வரி போடுறது மாநில அரசு. தனி ரெஸ்டாரன்ட்ல 5 சதவீதம் ஜிஎஸ்டி சாப்பாட்டுக்கும் மது இல்லாத பானத்துக்கும்தான். உங்க கணக்குக்கு 2,000த்துக்கு 100 ரூபாய், அவ்ளோதான். பீர் மேல மாநில வரி தனியா போடுறாங்களா, மெனு விலையிலயே அடங்கிடுச்சான்னு ஆர்டர் பண்ணும்போதே கேட்டுக்கணும். உங்க பில்லுல அப்படி தனி வரி எதுவும் இல்லாததால 3,700 தான் வந்திருக்கணும், 458 ரூபாய் கூட வாங்கிட்டாங்க.

சர்வீஸ் சார்ஜ் பத்தி நல்லா தெளிவா சொல்லிடுறேன், ஏன்னா "போர்டு வச்சிருக்கோம்"னு சொல்லியே நிறைய பேரை அடக்கிடுறாங்க. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ல ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு: பில்லுல தானா சேக்கக் கூடாது, வேற பேர் வச்சும் வாங்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, கட்ட மாட்டேன்னு சொன்னவங்களை உள்ள விடாம இருக்கக் கூடாது, பில்லோட சேத்து அதுக்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்க இதை எதுத்து டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, 2025 மார்ச் 28ல கோர்ட் அந்த மனுக்களைத் தள்ளுபடி பண்ணி வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிடுச்சு. அடுத்த தடவை பில்லு வந்ததும் சத்தம் போடாம, "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு புது பில்லு குடுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, அவங்க எடுக்கலைன்னா டேபிள்ல உக்காந்தே 1915க்கு போன் போடலாம், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். போன் எடுத்த உடனேயே மேனேஜர் வந்து சரி பண்ணதை நான் பக்கத்து டேபிள்ல கண்ணால பாத்திருக்கேன்.

கட்டிட்டு வந்ததால உரிமை போயிடல. பில்லு இருக்குல்ல? அதை போட்டோ எடுத்து, இந்தக் கணக்கை அப்படியே எழுதி ரெஸ்டாரன்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்க, ஒரு வாரம் பாத்துட்டு 1915ல புகாரா பதிவு பண்ணுங்க. அதுலயும் ஆகலைன்னா நுகர்வோர் ஆணையம், அதாவது நுகர்வோர் கோர்ட். இதுக்காக பெங்களூர் போக வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்குற ஊர்லயே, அதாவது கோயம்புத்தூர் மாவட்ட ஆணையத்துலயே கேஸ் போடலாம், குடுத்த தொகை அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். 458 ரூபாய்க்கு இவ்ளோவான்னு வீட்டுல கேப்பாங்க. ஒரு சனிக்கிழமை ராத்திரில எத்தனை டேபிளுக்கு இதே மாதிரி பில்லு போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு மெயிலாவது போடுங்கம்மா.

பரிமாறின பையனுக்கு குடுக்கணும்னு தோணிச்சுன்னா அவன் கையிலயே குடுங்க, பில்லுல போறது அவனுக்குப் போய் சேருதான்னு நமக்குத் தெரியாது.

கேள்வி: கலங்கலா ஒரு பீர் குடுத்தாங்க, வாழைப்பழ வாசனை வேற. கெட்டுப் போச்சுன்னு சொன்னேன், இது இப்படித்தான்னு திருப்பி எடுக்கல. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இல்லங்க, இதுல அவங்க பக்கம் நியாயம் இருக்கு. நீங்க வாங்கினது கோதுமை பீரா இருக்கும், மெனுல வைஸ்னோ ஹெஃபவைசன்னோ போட்டிருப்பாங்க. ஜெர்மனில பவேரியா பக்கத்து வகை, வடிகட்டாம குடுக்குறதால கலங்கலாத்தான் இருக்கும், வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மாதிரி வாசனை அந்த ஈஸ்ட்லேர்ந்து வருது. ஆர்டர் எடுக்கும்போதே சொல்லியிருக்கணும், அந்தக் குறை மட்டும் அவங்க மேல இருக்கு.

நிஜமா கெட்டதுன்னா வேற மாதிரி தெரியும். புளிப்பு வகைன்னு சொல்லாம காடி மாதிரி புளிச்சா டேங்க்லயோ குழாய்லயோ கிருமி சேந்திருக்கு. தியேட்டர் பாப்கார்ன் மாதிரி தூக்கலா வெண்ணெய் வாசனை வந்தா பெரும்பாலும் பக்குவம் வர்றதுக்கு முன்னாடியே இறக்கிட்டாங்க, சில சமயம் குழாய் அழுக்காலயும் வரும். நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருந்தா காத்து பட்டு பழசாயிடுச்சு. இந்த மூணுல எதுவா இருந்தாலும் ரெண்டு வாய்க்கு மேல குடிக்காம அப்பவே சொல்லுங்க, மாத்தித்தான் தரணும். முக்கால் கிளாஸ் காலி பண்ணிட்டு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

கேள்வி: நாங்க சாப்பிட்டுட்டு வெளிய வந்தா கார் முன் கண்ணாடி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருக்கு, வைப்பர் பக்கத்துல கோல்ஃப் பந்து. சாவியை வாங்கி அவங்களே நிறுத்துற வாலட் பார்க்கிங்ல குடுத்த கார். ரெஸ்டாரன்ட் கிளப்பைக் கை காட்டுது, கிளப் ரெஸ்டாரன்ட்டைக் கை காட்டுது. டோக்கன்ல "ஓனர் ரிஸ்க்"னு, அதாவது என்ன ஆனாலும் வண்டிக்காரர் பொறுப்புன்னு, அச்சடிச்சிருக்கு.

பதில்: அந்த வரியைப் பாத்து பயப்படாதீங்க. டெல்லில ஒரு நட்சத்திர ஹோட்டல் வாலட்ல விட்ட கார் 1998ல திருடு போன வழக்குல, சாவியை வாங்கிக்கிட்ட பிறகு "ஓனர் ரிஸ்க்"னு அச்சடிச்சுட்டு தன்னோட கவனக்குறைவுக்கு ஹோட்டல் தப்பிச்சுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019 நவம்பர்ல சொல்லிடுச்சு. ஆனா அது திருட்டு, உங்களது வெளியிலேர்ந்து வந்த பந்து, அதனால அப்படியே பொருந்திடும்னு நான் சொல்ல மாட்டேன். பந்து விழும்னு தெரிஞ்சே அந்த இடத்துல வண்டியை நிறுத்தினாங்களா, கிளப் பக்கம் வலை உயரமா இருக்கா, முன்னாடியும் இப்படி நடந்திருக்கா, இதுல யாரோட கவனக்குறைவுன்னு காட்டணும். பந்தோட சேத்து போட்டோ, வலை இருக்குற உயரத்துக்கு ஒரு போட்டோ, டோக்கன், சாப்பிட்ட பில்லு, இதெல்லாம் பத்திரமா வச்சுக்கிட்டு சிசிடிவியை அழிக்க வேண்டாம்னு ரெண்டு பேருக்கும் அன்னைக்கே எழுத்துல குடுங்க.

காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருந்தா கண்ணாடி அதுல வரும், வெறும் தேர்ட் பார்ட்டின்னா வராது. க்ளெய்ம் போட்டா அடுத்த வருஷ நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாதவங்களுக்கு பிரீமியத்துல கிடைக்குற கழிவு, போகலாம், அதனால கண்ணாடி மாத்துற செலவையும் அந்தக் கழிவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. விரிசலோட ஹைவேல மட்டும் ஓட்டாதீங்க.

கேள்வி: பெங்களூர் ப்ரூவரில நல்லா இருந்த பீரை சென்னைக்கு ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வரலாமா? தண்ணி பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல வாங்கினாங்க, அது சரியா? பையனுக்கு 19, அவனுக்கும் ஒரு கிளாஸ் வாங்கலாமா?

பதில்: வாங்கிட்டு வராதீங்க. பெர்மிட் இல்லாம வெளி மாநில மதுவை தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வர்றது மதுவிலக்கு சட்டப்படி குத்தம், அதுவும் போக சூடு பண்ணாத பீர் கார் வெயில்ல ஆறேழு மணி நேரம் கிடந்தா நீங்க அங்க குடிச்ச ருசி இருக்காது.

தண்ணிக்கு, உக்கார இடம் குடுத்து பரிமாறுற ஹோட்டல் எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, புகார் நிக்காது. பாட்டிலைத் திறக்குறதுக்கு முன்னாடி "ஃபில்டர் தண்ணி போதும்"னு சொல்லிடுங்க.

பையனுக்கு வேண்டாங்க, அங்க 21 ஆகணும், ஐடி கேப்பாங்க. சாப்பிடட்டும், அந்த டேங்குங்களை காட்டச் சொல்லி கேளுங்க, மத்தியான நேரத்துல போனா காட்டுவாங்க.