சிரங்கா, வெறும் அரிப்பா? தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: மகனுக்கு 7 வயது. ஒரு மாதமாக அரிப்பு. உஷ்ணம் என்று இளநீர் கொடுக்கிறோம். சரியா டாக்டர்?

பதில்: உஷ்ணத்தை விடுங்கள். படுத்தபின் அரிப்பு கூடுகிறதா? வீட்டில் வேறு யாராவது சொறிகிறார்களா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு, பிறப்புறுப்பு, இங்கெல்லாம் பொரிப்பொரியாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் முதல் சந்தேகம் சிரங்குதான். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் பூச்சி மேல்தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. அதன்மேல் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் மற்றவர்களுக்கும் ஒட்டிவிடும். நேரில் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டுக் களிம்பு வாங்கிப் பூசாதீர்கள்.

கேள்வி: 5 மாதக் குழந்தை, உள்ளங்காலில் கொப்புளம். அங்கே சிரங்கு வருமா?

பதில்: வரும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில்கூட வரும். குழந்தையைத் தூக்குகிறவர்களின் விரல் இடுக்கையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்குச் சொறி. எனக்கும் அரிக்கிறது.

பதில்: நாயின் பூச்சி வேறு வகை, மனிதத் தோலில் பெருகாது. நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஹவுஸ் சர்ஜன் நான். சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், பூச்சி இல்லை. அப்படியானால் சிரங்கு இல்லைதானே சார்?

பதில்: இல்லை என்று எழுதிவிடாதீர்கள் தம்பி. சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுக்கச் சேர்த்தே பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். நீங்கள் சுரண்டிய இடத்தில் அது இல்லாமல் போவது சகஜம். முதலில் வளையை, அதாவது பூச்சி தோலில் குடைந்த பாதையைத் தேடுங்கள். மணிக்கட்டில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுங்கள். வளைக்குள் இறங்கிய மை மட்டும் மெல்லிய வளைந்த கோடாக நிற்கும். டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) இருந்தால் அந்தக் கோட்டின் நுனியில் சின்னக் கருப்பு முக்கோணம் தெரியும். அதுதான் பூச்சியின் முன்பகுதி.

கேள்வி: லேப் டெக்னீஷியன் எழுதுகிறேன். பூச்சியைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது ஊகம்தானே?

பதில்: ஊகம் இல்லை. 2020இல் வெளியான சர்வதேச வரையறையே மூன்று படி வைத்திருக்கிறது: உறுதியானது, மருத்துவப் பரிசோதனையில் தெரிவது, சந்தேகத்துக்குரியது. பூச்சியோ முட்டையோ எச்சமோ கண்ணில் பட்டால் முதல் படி. வளை தெரிந்தாலோ, ஆணின் பிறப்புறுப்பில் அதற்கே உரிய பொரி இருந்தாலோ இரண்டாவது படி. உங்கள் மைக்ராஸ்கோப் ஸ்லைடின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ஸ்லைடுக்காகக் காத்திருந்தால் குழந்தை சொறிந்து புண்ணாக்கும், புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஏறும், அதிலிருந்து சிறுநீரக அழற்சிகூட வரலாம்.

கேள்வி: அதே டெக்னீஷியன். அப்படியென்றால் அரிக்கிற எல்லோருக்கும் சிரங்குக்கான பெர்மெத்ரின் களிம்பா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை. எக்ஸிமா, பூச்சிக்கடி, படர்தாமரை எல்லாவற்றையும் யோசித்த பிறகுதான். ஸ்லைடு கட்டாயம் வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்துவந்தார்கள். கையெல்லாம் சாம்பல் நிறப் பொருக்கு, நகம் தடித்திருந்தது, அரிப்பே இல்லை. சொரியாசிஸ் என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்ட் பூசியிருந்தார்கள். பொருக்கைச் சுரண்டிப் பார்த்தால் ஸ்லைடு முழுக்கப் பூச்சி. அது பொருக்குச் சிரங்கு, ஆயிரக்கணக்கில் பூச்சி இருக்கும்.

கேள்வி: ஸ்டீராய்ட் களிம்பில் அரிப்பு குறைகிறதே?

பதில்: அரிப்பு குறையும், பூச்சி சாகாது. பொரி உருமாறி அடையாளமே தெரியாமல் போகும். மேலே சொன்னதையே மறுபடி சொல்கிறேன்: மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: நல்ல க்ரீம் பேர் சொல்லுங்க டாக்டர்.

பதில்: பார்க்காமல் சொல்லமாட்டேன்.

கேள்வி: பெர்மெத்ரின் பூசி பத்து நாள் ஆச்சு, இன்னும் அரிக்குது. மருந்து கேட்கவில்லையா?

பதில்: பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கலாம். புதிதாகப் பொரி வந்தால்தான் கவலை. இரண்டாம் முறை பூசினீர்களா? வீட்டில் எல்லோரும் பூசினார்களா?

கேள்வி: விடுதி வார்டன். மூன்று பையன்களுக்கு இருக்கிறது. அவர்களுக்கு மட்டும் மருந்து போதுமா?

பதில்: போதாது. அந்த அறையில் படுக்கிற எல்லோருக்கும், அரிப்பு இல்லாதவர்களுக்கும், ஒரே ராத்திரி. கழுத்திலிருந்து கால் விரல் வரை, நகத்தடியிலும். துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். அந்த மூவர் எந்தெந்த அறைகளில் போய்ப் படுத்தார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள்.