பயனீட்டாளர் கேள்வி-பதில்: கியர் கரகரக்கிறது, எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற கையோடு, நெடுநாள் ஆசைக்காக ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். மூன்று மாதம் ஆகிறது. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் பல் உரசிக் கரகரக்கிறது. சிக்னலை நெருங்கி, கார் முழுதாக நிற்பதற்குள் முதல் கியருக்கு வந்தாலும் அதே சத்தம். கொம்தார் பக்கம் அரை மணி நேரம் நெரிசலில் ஊர்ந்த பிறகு இன்னும் மோசம். கிளட்ச்சை இரண்டு முறை மிதித்துப் போட்டால் மட்டும் அமைதியாக விழுகிறது. பட்டறைக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது, எஞ்சினோடு சேர்த்து இறக்க வேண்டும், 8,500 ரிங்கிட்" என்கிறார். விற்றவரோ, பழைய கார் என்றால் அப்படித்தான் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டு முறை மிதித்தால் அமைதியாக விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். கியர்பாக்ஸுக்குள் பல் தேய்ந்திருந்தால், நீங்கள் பெடலை ஒரு முறை மிதித்தாலும் ஒன்பது முறை மிதித்தாலும் அது உரசத்தான் செய்யும். மிதிக்க மிதிக்கச் சரியாகிறது என்றால் குறை பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டிய கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பழி மட்டும் கியர்பாக்ஸ் மேல் விழுகிறது.

முதலில் அந்த முதல் கியரை ஒதுக்கி வைப்போம். அது குறையே அல்ல. எம்.ஜி.பி. 1962இல் வந்தது. 1967இன் பிற்பகுதியில் இரண்டாம் வரிசை மாடல் (மார்க் 2) வரும்வரை அதன் கியர்பாக்ஸில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு மட்டும்தான் சின்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தை ஒத்திசைத்து உரசாமல் சேர்க்கும் வளையம், உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. கார் நின்ற பிறகுதான் அதில் போட வேண்டும். ஓட்டத்திலேயே போட்டாக வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி, மறுபடி மிதித்துப் போடும் பழைய லாரி ஓட்டுநர் வித்தை தெரிந்திருக்க வேண்டும். இதைக்கூடச் சொல்லாமல் காரை விற்றவர்மேல் எனக்குக் கோபம்தான்.

ரிவர்ஸுக்கும் சின்க்ரோ இல்லை. ஆனால் அதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் மெதுவாக ஓட, கிளட்ச்சை முழுதாக மிதித்துக்கொண்டு பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸில் போடுங்கள். கிளட்ச் ஒழுங்காக விடுபட்டிருந்தால் அந்த நேரத்தில் உள்ளே சுழலும் தண்டு எண்ணெயின் இழுவையிலேயே நின்றுவிடும்; கியர் சத்தமின்றி விழும். பத்து எண்ணிய பிறகும் கரகரத்தால் எஞ்சின் இன்னும் அந்தத் தண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஞ்சினை அணைத்தபின் எல்லாக் கியரும் வெண்ணெய்போல் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து, எஞ்சின் அறையில் பெடல் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கிளட்ச் பெடலையும், மிதித்த அழுத்தத்தைத் திரவத்தின் வழியே கீழே அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலையும் இணைக்கும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஓர் ஆணி அங்கே இருக்கும். அதை உருவி வெளிச்சத்தில் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது நடுவில் பிறைபோலத் தேய்ந்து, நகத்தை வைத்தால் நகம் பள்ளத்தில் மாட்டும். பெடலில் உள்ள துளையும் முட்டை வடிவமாகியிருக்கும். அங்கே வீணாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கிளட்ச்சுக்குப் போய்ச் சேர வேண்டிய நகர்வு. கீழே, அந்த அழுத்தத்தை வாங்கும் ஸ்லேவ் சிலிண்டரின் கோல் கிளட்ச் கவட்டையைத் தள்ளும் இடத்திலும் இதே போன்ற ஆணி ஒன்று உண்டு. என்னிடம் மோரிஸ் மைனர் இருந்த காலத்தில், ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டுக் கியர்பாக்ஸை இறக்கி, உள்ளே ஒரு குறையும் இல்லாமல் திரும்ப ஏற்றிய பிறகுதான் இந்த ஆணி ஜாதியின் அருமை எனக்குத் தெரிந்தது. இறக்கி ஏற்றிய கூலியை யாரும் திருப்பித் தரவில்லை.

ஆணியை மாற்றிய பின் ஒருவர் மேலே மிதிக்க, இன்னொருவர் கீழே ரூலர் வைத்து ஸ்லேவ் சிலிண்டரின் கோல் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கட்டும். சுமார் 12 மில்லிமீட்டராவது நகர வேண்டும். குறைந்தால் குழாயில் காற்று, சிலிண்டர் சீலில் கசிவு, அல்லது மிதிக்கும்போது உப்பிக்கொள்ளும் பழைய ரப்பர் ஹோஸ். கிளட்ச் திரவம் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது; பினாங்குக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? நெரிசலில் சூடேறிய பிறகு மோசமாகிறது என்று நீங்கள் சொல்வதால், இந்தப் பக்கம்தான் என் சந்தேகம் அதிகம். ஹோஸையும் திரவத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

நகர்வு சரியாக இருந்தும் உரசினால் கிளட்ச் தட்டோ அதன் கார்பன் பேரிங்கோ கெட்டிருக்கலாம். அப்போது பட்டறைக்காரர் சொன்னதில் பாதி உண்மையாகிவிடும். இந்தக் காரில் கிளட்ச்சை எட்ட எஞ்சினை வெளியே எடுத்தே ஆக வேண்டும். ஆனாலும் அது கிளட்ச் வேலைக்கான கூலி. கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிக்கும் கூலியை அதோடு சேர்க்க விடாதீர்கள். "பிந்திய மாடலின் நான்கு சின்க்ரோ பெட்டியையே போட்டுவிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் அதற்கும் தலையாட்ட வேண்டாம். 1967க்கு முந்தைய உடலில் அந்தப் பெட்டிக்கு இடம் போதாது. இருக்கைகளுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடியிருக்கும் நடுச்சுரங்கத்தை வெட்டி மாற்ற வேண்டியிருக்கும்.

எண்ணெயையும் பாருங்கள். நடுச்சுரங்கத்தின் கம்பளத்தை விலக்கினால் ரப்பர் மூடி இருக்கும், எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோல் அதற்கடியில். இந்தப் பெட்டிக்கு உரியது 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய். கியர்பாக்ஸ் என்ற பெயரைக் கேட்டதுமே தடித்த கியர் எண்ணெயை ஊற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் காரில் ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் அதற்கும் இதே எண்ணெய்தான். உராய்வைக் குறைக்கும் மருந்து எதையும் அதில் கலக்கக் கூடாது. வடித்த எண்ணெயில் பொன்னிறத் தூள் மினுமினுத்தால் சின்க்ரோ வளையத்தின் தேய்மானம், ஓரளவு வயதின் இயல்பு. எஃகுச் சில்லுகள் வந்தால்தான் கவலை.

இனி பணம். விற்றவர் கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவர் என்பதால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கட்டும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை நீங்களே கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் பொருளின் தரத்தை எடைபோடும்போது விலை, தன்மை எல்லாம் கணக்கில் வரும். அறுபது வயதுக் காரின் தேய்ந்த ஆணிக்காக அங்கே போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். "கியர்பாக்ஸ் புதிதாகச் செய்யப்பட்டது" என்று விளம்பரத்திலோ ரசீதிலோ எழுதியிருந்தால் கதை வேறு. அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: இதே மாடல், 1970ஆம் ஆண்டுக் கார் ஒன்றை ஒரு தனிநபரிடம் பார்த்தேன். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாம் கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவுகிறது. முதல் மூன்று கியர்களிலும் ஓர் ஊளைச் சத்தம். நான்கில் அது அடங்கிவிடுகிறது. எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் உரிமையாளர். உரிமை மாற்றப் பரிசோதனையில் தேறிவிட்டதாம். வாங்கலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எண்ணெய் மாற்றிச் சரியாகிற நோய் இது அல்ல. நான்காம் கியரில் விசை நேராகப் போய்விடுகிறது. மற்ற மூன்றிலும் அடியில் உள்ள துணைத்தண்டு வழியாகப் போகிறது. நான்கில் அடங்கும் ஊளை அந்தத் தண்டின் பேரிங்கிலிருந்துதான் வரும். நழுவுவதும் சேர்ந்துகொண்டதால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். பரிசோதனை நிலையத்தில் யாரும் கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பதில்லை, ஆகவே அந்தத் தாளுக்கும் இந்தச் சத்தத்துக்கும் தொடர்பில்லை. தனிநபர் விற்பனை என்பதால் நான் மேலே சொன்ன நடுவர் மன்றமும் உங்களுக்குத் துணைக்கு வராது. எஞ்சினோடு இறக்கிப் பெட்டியைப் புதுப்பிக்க ஆகும் செலவை ஒரு பட்டறையில் எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையைக் கழித்து விலை கேளுங்கள். அவர் இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள்.