தேவன் எங்களைத் தண்டிக்கிறாரா?

ஆலோசகர் அவர்களுக்கு,

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. வேலையும் போய்விட்டது. அதைவிட வேதனை சபையார் பேசுவது. ஒருவர், 'தேவன் உங்களைப் புடமிடுகிறார், சந்தோஷப்படுங்கள்' என்கிறார். இன்னொருவர், 'மறைத்த பாவம் ஏதோ இருக்கிறது, அறிக்கையிடுங்கள்' என்கிறார். ஞாயிறு ஆராதனை தவறியதில்லை, தசமபாகம் தவறியதில்லை, உபவாசமும் இருந்தாயிற்று. ஜெபிக்க வருகிறவர்கள்கூட எங்கள் வீட்டில் குற்றம் தேடுகிற மாதிரிதான் பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் வேறு, தான் சபைக்கு வராமல் இருந்ததால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று அழுகிறாள். அவள் வராததும் உண்மைதானே, நான் ஒன்றும் சொல்லவில்லை. இது நியாயத்தீர்ப்பா, புடமிடுதலா? சபையாருக்கு நான் என்ன பதில் சொல்ல?

அன்புச் சகோதரி,

சபையார் காத்திருக்கட்டும். முதலில் பதில் சொல்லவேண்டியது உங்கள் மகளுக்கு. அவள் தன்னைக் குற்றவாளியாக்கி அழுதபோது நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். அந்த மௌனத்தை அவள் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டிருப்பாள். சபையார் உங்கள்மேல் வைத்த பாரத்தை, உங்களை அறியாமலே அவள் தலையில் இறக்கிவிட்டீர்கள்.

'தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை' என்கிறது எசேக்கியேல் 18:20. பிறவிக் குருடனைப் பார்த்து 'யார் செய்த பாவம்?' என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததுமல்ல, பெற்றவர்கள் செய்ததுமல்ல என்றார் இயேசு. சிறுநீரகம் பழுதாக அதிகம் காரணமாவது சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும்தான். உங்கள் கணவருக்கு எதனால் வந்தது என்பதை மருத்துவரே மகளிடம் நேரில் விளக்கட்டும்.

புடமிடுதல் உண்மைதான். ஆனால் 'அவர் என்னைச் சோதித்தபின் நான் பொன்னாக விளங்குவேன்' என்று சொன்னவர் பாடுபட்ட யோபு. வெளியே நின்று அவருக்கு விளக்கம் சொன்ன நண்பர் எலிப்பாஸின்மேல் தேவன் கோபங்கொண்டார் (யோபு 42:7). 'புடமிடுகிறார்' என்ற வார்த்தையைப் பாடுபடுகிறவர் தாமாகச் சொல்லலாம். அடுத்தவர் அவர்மேல் சுமத்த முடியாது. புடமிடும்போது, வெள்ளியைச் சுத்தமாக்க அதை ஈயத்தோடு உருக்கிக் காற்று ஊதுவார்கள். ஈயம் மற்ற உலோகங்களை இழுத்துக்கொண்டு பிரியும். சூடு 960 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெள்ளி உறைந்துபோகும், அதனால் புடமிடுகிறவன் எழுந்து போக முடியாது. மல்கியா 3:3-லும் தேவன் உட்கார்ந்தே புடமிடுகிறார். தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை வைத்து அவரை அளக்காதீர்கள்.

இன்றிரவே மகளோடு தனியாக உட்காருங்கள். அவள் முழுவதும் சொல்லட்டும், குறுக்கிடாதீர்கள். பிறகு, 'அப்பாவின் நோய்க்கு நீ காரணம் இல்லை' என்று மட்டும் சொல்லுங்கள். 'ஆனாலும் சபைக்கு வா' என்று சேர்த்தால் சொன்னது அத்தனையும் வீண். தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், 'நான் இல்லாமல் இருந்தால் நல்லது' என்று சொன்னால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜெபம் கூடவே நடக்கட்டும்.

சபையாருக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. அடுத்த டயாலிசிஸின்போது அந்த நான்கு மணி நேரம் உங்கள் கணவரோடு யார் இருப்பீர்கள் என்று கேளுங்கள்.