வாசகர் கேள்வி – பதில்: கைபேசியைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வகுப்பறையில் கொட்டாவி விட்டபோது யாரோ எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக மாற்றிவிட்டார்கள். வகுப்புக் குழுவில் யார் எதைச் சொன்னாலும் அந்த ஸ்டிக்கரைத்தான் பதிலாகப் போடுகிறார்கள். இரண்டு மாதமாக இது நடந்திருக்கிறது. எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அழுகிறாள். கைபேசியை வாங்கி வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர்.
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: உங்கள் கணவரின் பதற்றம் புரிகிறது. ஆனால் உங்கள் மகள் இரண்டு மாதம் வாய் திறக்காமல் இருந்ததற்கு, சொன்னால் கைபேசி போய்விடும் என்ற பயமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கேலி செய்தவர்கள் கையில் கைபேசி இருக்க, கேலிக்கு ஆளானவளிடமிருந்து அதைப் பிடுங்குவது, தண்டனையை ஆள் மாற்றிக் கொடுப்பதாகும். அவள் கையில் கைபேசி இல்லாவிட்டாலும் ஸ்டிக்கர் குழுவில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நேற்றிரவு என்ன பேசினார்கள் என்று தெரியாமல் மறுநாள் வகுப்புக்குள் நுழைவது, தெரிந்துகொண்டு நுழைவதைவிடக் கொடுமையானது.

குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன்பு, அனுப்பியவரின் பெயரும் தேதியும் தெரியும்படி அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடுக்கும்போது மகளையும் அருகில் உட்காரவைத்து, ஸ்டிக்கரை உண்மையில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள். வகுப்பே தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவள் நம்பிக்கொண்டிருப்பாள். எண்ணினால் திரும்பத் திரும்ப அதே ஐந்தாறு பெயர்கள் மட்டுமே வரவும் கூடும். மற்றவர்களின் மௌனம் நியாயமானதன்று என்றாலும், அது சிரிப்பு அன்று. போடாதவர்களில் யாரிடம் மறுநாள் பேசமுடியும் என்று அவளையே கேளுங்கள்.

குழுவின் அட்மின் நினைத்தால் பிறர் போட்ட பதிவுகளையும் எல்லோருக்குமாக நீக்கலாம். ஆனால் ஸ்டிக்கரைத் தங்கள் கைபேசியில் சேமித்துக்கொண்டவர்களிடமிருந்து அது போகாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். ஆகவே அதைப் பயன்படுத்துவதை நிறுத்தவைக்கும் வேலை வகுப்பாசிரியருடையது. மகளைக் கேட்காமல் பள்ளிக்குப் போகாதீர்கள். வேண்டாம் என்றால் இரண்டு நாள் பொறுத்து மறுபடியும் கேளுங்கள். மிரட்டல் இருந்தாலோ, உடலை ஆபாசமாகக் காட்டும் படம் வந்திருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் அவள் பேசினாலோ மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்கவேண்டாம்.

கேள்வி: நாங்கள் படித்த காலத்திலும் பட்டப்பெயர், கேலி எல்லாம் இருந்தன, அவற்றைத் தாங்கித்தானே வளர்ந்தோம்? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல்? அப்படியே ஆபத்து என்றால், ஆஸ்திரேலியாவைப் போல் 16 வயதுவரை சமூக ஊடகத்தைத் தடை செய்துவிடலாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: தாங்க முடியாமல் படிப்பை விட்டவர்கள் இப்படிக் கடிதம் எழுதுவதில்லை, ஐயா. அது ஒருபுறம் இருக்கட்டும். அன்றைய கேலி பள்ளி மணி அடித்தால் அன்றைக்கு முடிந்துவிடும். இன்றைய கேலி படுக்கைக்கும் கூடவே வருகிறது.

துன்புறுத்த ஒரு மனிதர்கூட வேண்டியதில்லை என்பது இன்னொரு வேறுபாடு. இங்கிலாந்தைச் சேர்ந்த மோலி ரஸ்ஸல் என்ற சிறுமி 2017 நவம்பரில், 14 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவள் இன்ஸ்டாகிராமில் சேமித்த, விரும்பிய, பகிர்ந்த சுமார் 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை ஆகியவை பற்றியவை என்பது 2022-இல் நடந்த மரண விசாரணையில் வெளிவந்தது. இணைய உள்ளடக்கத்தின் பாதிப்பும் அவள் மரணத்துக்குக் காரணமானது என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். எதைப் பார்த்துக் கை நின்றதோ, அதையே மேலும் மேலும் கொண்டுவந்து நீட்டுவதுதான் இந்தச் செயலிகளின் பரிந்துரை முறை. பார்ப்பவர் சோர்ந்திருக்கும் பிள்ளையா என்பது அதன் கணக்கில் வருவதில்லை.

நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் தோன்றும் அபாயம் இருமடங்கு என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவராக (சர்ஜன் ஜெனரல்) அப்போது இருந்த விவேக் மூர்த்தி 2023-இல் வெளியிட்ட அறிவுரை கூறுகிறது. மனம் சோர்ந்த பிள்ளைகளே அதிக நேரம் அங்கே போய் ஒதுங்குகிறார்களா என்ற கேள்வியும் கூடவே இருப்பதால், இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை மிரட்டவேண்டாம்.

ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. மீறினால் அபராதம் நிறுவனங்களுக்குத்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் அந்தத் தடையில் சேராது. முதல் கடிதத்தில் வந்த ஸ்டிக்கர் அங்கேயும் சுற்றியிருக்கும்.

கேள்வி: வகுப்பு மாணவிகளைப் பற்றி அசிங்கமாக எழுதும் ஓர் அநாமதேய இன்ஸ்டாகிராம் பக்கத்தை நடத்தியது என் 15 வயது மகன் என்று தெரிந்து இடிந்துபோய்விட்டோம். வீட்டில் அதிர்ந்துகூடப் பேசாத பையன். ‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ என்கிறான்.
– ஒரு தந்தை

பதில்: பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் பலர் எழுதுகிறார்கள், செய்த பிள்ளையின் பெற்றோர் எழுதுவது அரிது. உங்கள் கடிதத்தை மதிக்கிறேன்.

வீட்டில் அமைதியாக இருப்பவன் திரைக்குப் பின்னால் வேறு ஆளாக மாறுவது புதுமை அன்று. பெயர் தெரியாது, எதிரில் முகம் இல்லை, சொன்னதன் விளைவு உடனே கண்ணில் படாது என்ற நிலையில் மனிதர்களின் கட்டுப்பாடு தளர்ந்துபோவதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-இலேயே விளக்கியிருக்கிறார். அப்படியானால், மறைந்துபோன அந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவருவதே உங்கள் வேலை.

அடிக்காதீர்கள், அடி வாங்கியதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்வான். பதிவுகளுக்குப் படி எடுத்துக்கொண்டு, அவை மேலும் பரவாதபடி பக்கத்தை முடக்கச் செய்யுங்கள். பிறகு உங்கள் எதிரில் அவனை உட்காரவைத்து, தான் எழுதிய ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் எளிதாகத் தட்டியது நாக்கில் வராது. மூன்றாவது வரியில் அவன் நிறுத்திவிடலாம். நிறுத்தட்டும், நீங்கள் எதுவும் பேசாதீர்கள். விளையாட்டு என்ற சொல்லை அதன் பிறகும் சொல்கிறானா என்று பாருங்கள்.

பிறகு நீங்களே பள்ளிக்குச் சென்று உண்மையைச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க அந்த மாணவிகளின் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டாம். அவனைப் பார்க்க அவர்களுக்கு விருப்பமா என்பதைப் பள்ளி முதலில் கேட்டறியட்டும். போலீஸ் புகார் என்று வந்தால் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள், பொய் மட்டும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 17. பெண் என்று சொல்லிப் பழகிய ஒருவர் என் அந்தரங்க வீடியோவை வாங்கிவிட்டு, இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறார். ஒருமுறை அனுப்பிவிட்டேன், மறுபடியும் கேட்கிறார். வீட்டில் அக்காவுக்குக்கூடத் தெரியாது.
– ஒரு மாணவன்

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடாத கடிதம் என்பதால் இவருக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பினோம். இதே நிலையில் வேறு யாரேனும் இருக்கலாம் என்பதால் இங்கும் தருகிறோம்.

தம்பி, இனி ஒரு காசும் அனுப்பவேண்டாம். கொடுப்பவரிடம்தான் மீண்டும் கேட்பார்கள். மிரட்டல்களையும், அவருடைய கணக்கின் பெயரையும், பணம் அனுப்பிய விவரத்தையும் பத்திரப்படுத்திவிட்டு, பதில் எழுதாமல் அவரைத் தடைசெய்யுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள், காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்கு அதுவே சான்று. 18 வயதுக்குள் எடுத்த இத்தகைய படங்களுக்காக ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையை காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் (என்.சி.எம்.இ.சி.) நடத்துகிறது. வீடியோ உங்கள் கைபேசியை விட்டு வெளியே போகாது; அதன் கைரேகை போன்ற ஓர் எண் வரிசை மட்டும் பதிவாகும். சேவையில் இணைந்துள்ள தளங்களில் அந்த வீடியோ வந்தால், அதை வைத்து அவர்கள் நீக்க முடியும்.

இங்கே குற்றம் செய்தவர் மிரட்டுபவர்தான், நீங்கள் அல்லர். இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். அக்காவிடம் வாயால் சொல்ல வராவிட்டால், எங்களுக்கு எழுதிய இதே வரிகளைத் திறந்து, கைபேசியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.